காதுவலிக்கு ஆன்டிபயாடிக்: ஒரே நோய்க்கு ஏன் இரண்டு பதில்?

என் மகளுக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது முதல் காதுவலி வந்தது. சளி பிடித்து நாலாவது நாள், ராத்திரி காய்ச்சல் ஏறியது. படுக்கவைத்தால் அலறுவாள், தோளில் போட்டால் கொஞ்சம் அடங்குவாள். காலையில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு காதிலும் தொற்று என்று சொல்லிப் பத்து நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். மூன்றரை வயதில் மறுபடியும் காதுவலி. அதே டாக்டர், அதே கருவி. இந்த முறை வலிக்கு மட்டும் மருந்து எழுதி, “இரண்டு நாள் பார்ப்போம், குறையவில்லை என்றால் கூட்டிக்கொண்டு வாங்க” என்றார்.

எனக்குக் குழப்பம். பதினான்கு மாதத்திலேயே கொடுக்கலாம் என்ற மருந்தை மூன்றரை வயதில் ஏன் கொடுக்கவில்லை? அன்றிலிருந்து தேடிப் படித்ததையும், டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என்னைப் போலக் குழம்பும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில் காதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். வெளியிலிருந்து நமக்குத் தெரியும் துவாரம் செவிப்பறையோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை இருக்கிறது. அதுதான் நடுச்செவி. பள்ளியில் படித்த சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகள் இருப்பது இங்கேதான். இந்த அறைக்கு ஒரே ஒரு வாசல்: மூக்கின் பின்பக்கத்தோடு அதை இணைக்கும் யூஸ்டேஷியன் குழல். ஊட்டி மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினால் ‘டப்’பென்று திறக்கிறதே, அது இந்தக் குழல் திறக்கும் சத்தம்.

பெரியவர்களுக்கு இந்தக் குழல் நீளமாக, சரிவாக இருக்கும். குழந்தைகளுக்கோ குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவசமாக இருக்கும். சளி பிடித்தால் குழலின் உள்தோல் வீங்கி அடைத்துக்கொள்கிறது. அறையில் இருக்கும் காற்றைச் சுற்றியுள்ள திசு உறிஞ்சிவிட, உள்ளே அழுத்தம் குறைந்து நீர் கோத்துக்கொள்கிறது. மூக்கின் பின்பக்கம் எப்போதும் குடியிருக்கும் கிருமிகள் அந்த நீருக்குள் போய்ப் பெருகுகின்றன. சீழ் சேர்ந்து செவிப்பறையை வெளியே தள்ளுகிறது. படுத்தால் அந்த அழுத்தம் இன்னும் கூடும். இந்த வலி பெரும்பாலும் ராத்திரியில் குழந்தையை எழுப்பிவிடுவது அதனால்தான். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை இந்தத் தொல்லை உச்சத்தில் இருக்கும். குழல் வளர வளரக் குறைந்துவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு விஷயம் தானாகவே தெளிவாகிவிடும். வெதுவெதுப்பான எண்ணெய், பூண்டு காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால் என்று நம் வீடுகளில் காதில் விடும் எதுவும் தொற்று இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது. நடுவில் செவிப்பறை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பறையில் ஓட்டை விழுந்திருந்தால் போய்ச் சேரும், ஆனால் அப்போது அது கெடுதல்தான் செய்யும். பாட்டிமார்கள் அன்போடு செய்வதுதான். இருந்தாலும் இதில் நான் உறுதியாக இருக்கிறேன்: டாக்டர் பார்த்துச் சொல்லாமல் காதில் எதையும் விட வேண்டாம்.

சரி, ஆன்டிபயாடிக்குக்கு வருவோம். நடுச்செவித் தொற்றில் முக்கியமாகப் பிடிபடும் பாக்டீரியாக்கள் மூன்று: நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சே, மொராக்செல்லா. இரண்டாவதன் பெயரில் இன்ஃபுளுயென்சா இருந்தாலும் அதற்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை. ஃப்ளூவை உண்டாக்குவது வைரஸ். பாக்டீரியாவோடு சளி வைரஸும் சேர்ந்தே இருப்பது வழக்கம், சில குழந்தைகளுக்கு வைரஸ் மட்டுமே இருக்கும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மொராக்செல்லா பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கே பணிந்துவிடும். நியூமோகாக்கஸ் அத்தனை லேசில் விடாது. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து எந்தக் கிருமி என்று சொல்ல முடியாது. குழப்பத்தின் ஆணிவேர் இதுதான்.

மருந்தில்லாமல் எத்தனை குழந்தைகளுக்குச் சரியாகும் என்ற கேள்வியை முதலில் துணிச்சலோடு கேட்டுப் பார்த்தவர்கள் நெதர்லாந்து மருத்துவர்கள். 1981-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். சிலருக்குச் செவிப்பறையைக் கீறிச் சீழ் எடுத்தார்கள், சிலருக்கு ஆன்டிபயாடிக், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமே இல்லை. முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 1990-இல் அந்த நாட்டுக் குடும்ப மருத்துவர்கள் ‘முதலில் வலியைக் குறைத்துவிட்டுக் காத்திருந்து பார்ப்போம்’ என்பதையே தங்கள் வழிகாட்டு நெறியாக வைத்துக்கொண்டார்கள்.

பின்னால் இதுபோன்ற பல ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு ஒன்றாகத் தொகுத்தது. 2015-இல் வந்த அந்தத் தொகுப்பைப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 24 மணி நேரத்தில் 60 சதவீதக் குழந்தைகளுக்கு வலி போய்விடுகிறது. முதல் நாள் வலியில் மருந்தால் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால், 20 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்ததில் ஒரு குழந்தைக்குத்தான் வலியில் கூடுதல் பலன். 33 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குச் செவிப்பறை கிழிவது தடுக்கப்படுகிறது. மறுபக்கம், 14 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு என்று ஏதாவது ஒன்று வருகிறது. இவையெல்லாம் வசதியான நாடுகளில் நடந்த ஆய்வுகள் என்பதையும் சேர்த்தே மனதில் வைக்க வேண்டும்.

அப்படியானால் என் மகளுக்குப் பதினான்கு மாதத்தில் கொடுத்தது வீணா? இல்லை. அதற்கான பதில் 2011-இல் வந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலும் ஃபின்லாந்தின் டுர்குவிலும் இரண்டு ஆய்வுகளை மிகக் கறாராக நடத்தினார்கள். செவிப்பறை உண்மையிலேயே புடைத்திருக்கிறதா என்று பார்த்து, நோய் உறுதியான சின்னக் குழந்தைகளை மட்டும் சேர்த்தார்கள். டுர்குவில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், மருந்து கிடைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தோற்றது. வெற்று மருந்து கிடைத்தவர்களில் 44.9 சதவீதம். அதாவது நோய் உறுதியாக இருந்து, குழந்தையும் சின்னதாக இருந்தால் மருந்து நன்றாகவே உதவுகிறது. எல்லா வயதையும், உறுதியாகத் தெரியாத காதுகளையும் ஒரே கூடையில் போட்டால்தான் அந்தப் பலன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2013-இல் தன் நெறிமுறையைத் திருத்தியது. பல டாக்டர்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு ஏறக்குறைய இதுதான். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை என்றால் காத்திருப்பதில்லை, மருந்து. எந்த வயதானாலும் காதிலிருந்து சீழ் வடிந்தால், வலி கடுமையாக இருந்தால், 48 மணி நேரமாக வலி நீடித்தால், காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ், நம் வீட்டுத் தெர்மாமீட்டரில் 102.2, தொட்டுவிட்டால் மருந்து. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை, லேசாக இருந்தாலும் இரண்டு காதிலும் தொற்று என்றால் மருந்து. ஒரே காதில், லேசாக இருந்தால் காத்திருக்கலாம். இரண்டு வயது தாண்டி, நோய் லேசாக இருந்தால் ஒரு காதோ இரு காதோ, பெற்றோரோடு பேசிக் காத்திருக்கலாம். என் மகளின் இரண்டு காதுவலிகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்: முதலாவது சின்ன வயது, இரண்டு காது, இரண்டாவது மூன்றரை வயது, ஒரு காது, லேசான காய்ச்சல். டாக்டர் இரண்டு தடவையும் சரியாகத்தான் முடிவெடுத்திருக்கிறார்.

காத்திருப்பது என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது இல்லை. 48 முதல் 72 மணி நேரம் குழந்தையைக் கவனித்துப் பார்ப்பது. அதற்குள் குறையவில்லை என்றாலோ, நடுவில் மோசமானாலோ உடனே திரும்பப் போக வேண்டும். இங்கிலாந்தில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள். மருந்துச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள், ஆனால் குறையாவிட்டால் மட்டும் கடையில் வாங்கச் சொல்வார்கள். நம் ஊரில் வெகுதூரம் பஸ் ஏறி வரும் ஒரு தாய் இரண்டு நாளில் மறுபடி வர முடியாது என்று தெரிந்தால், டாக்டர் அன்றைக்கே மருந்து கொடுப்பது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வர வழியில்லாதவர்களிடம் காத்திருக்கச் சொல்வது சரியில்லை.

ஆனால் எந்தக் குழந்தைக்கும் காத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு. அது வலி மருந்து. ஆன்டிபயாடிக் கொல்வது கிருமியை, வலியை அல்ல. அதனால் ஆன்டிபயாடிக் எழுதினாலும் எழுதாவிட்டாலும், முதல் இரண்டு நாள் பாராசிட்டமால் வேளைக்கு வேளை போக வேண்டும். வழக்கமான அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150. இங்கே ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. கடையில் 5 மில்லியில் 125 இருக்கும் சிரப்பும் உண்டு, 250 இருக்கும் சிரப்பும் உண்டு. சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 இருக்கும். அக்கா பிள்ளைக்குச் சொன்ன ‘மில்லி’ அளவை வேறு பாட்டிலில் எடுத்தால் பல மடங்காகிவிடும். சீட்டில் மருந்தின் பெயரோடு எந்தப் பாட்டில், எத்தனை மில்லி என்பதையும் எழுதி வாங்குங்கள். ஐபுப்ரோஃபென் நல்ல வலி மருந்துதான். ஆனால் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள காலங்களில் நாமாகக் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

இனி, ஆன்டிபயாடிக் எழுதினால் பெரும்பாலும் அது ஏன் அமாக்ஸிசிலின் என்று பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. அது வளர வளர அந்தச் சுவரை இடித்து இடித்துக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டும் வேலையைச் செய்ய அதனிடம் சில புரதங்கள் இருக்கின்றன. கொத்தனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமாக்ஸிசிலின் போய் அந்தக் கொத்தனார்களின் கையைப் பிடித்துக்கொள்கிறது. இடிப்பது நடக்கிறது, கட்டுவது நின்றுவிடுகிறது, சுவர் விட்டுப்போய்க் கிருமி வெடித்துச் சாகிறது. மனித செல்லுக்கு அப்படிப்பட்ட சுவரே கிடையாது என்பதால் மருந்து நம்மைத் தொடுவதில்லை.

கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. நியூமோகாக்கஸ் செய்தது ஒரு வகை: கொத்தனாரின் கையின் அமைப்பையே மாற்றிக்கொண்டது. மருந்துக்குப் பிடி நழுவுகிறது. ஆனால் முழுவதுமாக நழுவுவதில்லை. மருந்தின் அளவைக் கூட்டினால் பிடித்துவிடும். பழைய காலத்தில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்று இருந்ததை 80 முதல் 90 வரை உயர்த்தியது இதற்காகத்தான். 10 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு 800 முதல் 900, அதை இரண்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 400-லிருந்து 450. 5 மில்லியில் 125 உள்ள சிரப்பில் இது 16 மில்லிக்கு மேல் போகும், எந்தக் குழந்தையும் விழுங்காது. அதனால்தான் டாக்டர்கள் கெட்டியான சிரப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ‘இவ்வளவு மருந்தா’ என்று பயந்து நாமே பாதியாகக் குறைப்பது மிக மோசமான வேலை. கிருமி சாகாது, ஆனால் மருந்தைப் பழகிக்கொள்ளும். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளத்தான் சொன்னேன். உங்கள் குழந்தைக்கான அளவை டாக்டர்தான் போட வேண்டும்.

ஹீமோஃபிலஸும் மொராக்செல்லாவும் செய்தது வேறு வகை. அவை மருந்தையே வெட்டிப்போடும் ஒரு கத்தரிக்கோலை, பீட்டா லாக்டமேஸ் என்ற நொதியை, தயார் செய்துகொண்டன. கத்தரிக்கோல் இருக்கும் இடத்தில் மருந்தை எவ்வளவு கூட்டினாலும் பெரிய பயனில்லை. அதற்காகத்தான் கிளாவுலனிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். அது கிருமியைக் கொல்வதில்லை; கத்தரிக்கோலில் சிக்கிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது, பின்னாலேயே அமாக்ஸிசிலின் தன் வேலையைப் பார்க்கிறது. குழந்தை கடந்த 30 நாளில் அமாக்ஸிசிலின் எடுத்திருந்தால், காதுவலியோடு கண்ணிலும் சீழ் பொங்கினால் (அது ஹீமோஃபிலஸின் அடையாளம்), அல்லது அமாக்ஸிசிலின் கொடுத்து மூன்று நாளாகியும் குறையாவிட்டால் இந்தக் கூட்டு மருந்துக்குப் போவார்கள். வயிற்றைக் கொஞ்சம் கலக்கும் என்பதால் எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. சாப்பாடு தொடங்கும் நேரத்தில் கொடுத்தால் கலக்கம் குறையும்.

எத்தனை நாள் என்பதும் வயதைப் பொறுத்தது. இரண்டு வயதுக்குள் இருந்தாலோ நோய் கடுமையாக இருந்தாலோ 10 நாள், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை 7 நாள், ஆறு வயதுக்கு மேல் 5 முதல் 7 நாள் என்பது அந்த அமெரிக்க நெறிமுறை. சின்னக் குழந்தைகளுக்கு ஐந்து நாளே போதாதா என்று சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. ஐந்து நாளோடு நிறுத்தியவர்களில் 34 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தோற்றது, பத்து நாள் கொடுத்தவர்களில் 16 சதவீதம். எனவே இரண்டாம் நாளே குழந்தை சிரித்து விளையாடினாலும், எழுதிக் கொடுத்த நாள் வரை கொடுங்கள்.

இந்த மருந்து பெரும்பாலும் தூளாக வரும். ஆறிய கொதிநீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கினால், நுரை அடங்கியதும் மட்டம் கீழே இறங்கியிருக்கும். மறுபடி கோடு வரை ஊற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால் மருந்து தேவைக்கு மேல் கெட்டியாகிவிடும். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, அதனால் அளவுச் சிரிஞ்சு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்குங்கள், கலக்கிய பாட்டிலை லேபிளில் போட்டிருக்கும் நாளுக்கு மேல் வைக்காதீர்கள். மிச்சமான சிரப்பை அடுத்த காதுவலிக்கு எடுத்துவைப்பது நம் வீடுகளில் சகஜம். அதற்குள் அதன் வீரியம் போயிருக்கும், குழந்தையின் எடையும் கூடியிருக்கும். மருந்து கொடுத்ததும் உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சில நேரம் அலறிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியாகும், தலையணையில் சீழும் லேசான ரத்தமும் இருக்கும். செவிப்பறை கிழிந்து அழுத்தம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பார்க்கப் பயமாக இருந்தாலும், பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். அதுவரை குளிக்கும்போது வாஸ்லைன் தடவிய பஞ்சை வைத்துத் தண்ணீர் போகாமல் பாருங்கள், டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். எந்தச் சொட்டு மருந்தும் கடையில் கேட்டு வாங்கி விட வேண்டாம். ஓட்டை விழுந்த காதில் சில சொட்டு மருந்துகள் கேட்கும் நரம்பையே பாதிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் காது ஒழுகினால் அது வேறு நோயாக மாறுகிறது. ‘சின்ன வயசிலிருந்தே அவனுக்குக் காது ஒழுகும்’ என்று விட்டுவிட்டுக் கேட்கும் சக்தியை இழந்தவர்கள் நம் ஊர்களில் நிறைய. அது என்னை மிகவும் வருத்தும் விஷயம்.

இதையும் தாண்டி ஓடவேண்டிய நேரங்கள் உண்டு. காதுக்குப் பின்னால் எலும்பு வீங்கிச் சிவந்து காது மடல் முன்னால் தள்ளினால், தொற்று மாஸ்டாய்டு எலும்புக்குள் போயிருக்கிறது. முகம் ஒரு பக்கம் கோணினாலும், கழுத்து விறைத்தாலும், எழுப்ப எழுப்பத் தூங்கி வழிந்தாலும், நடை தள்ளாடினாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் மாஸ்டாய்டுத் தொற்று குழந்தைகளைக் கொன்றது. இன்று அது அரிதாகியிருக்கிறது, இந்த மருந்துகளுக்கு அதில் பெரிய பங்குண்டு. அவற்றின் மதிப்பை அறிந்ததால்தான் தேவையில்லாத இடத்தில் செலவழிக்க வேண்டாம் என்கிறேன்.

வருமுன் காக்கவும் வழி இருக்கிறது. நியூமோகாக்கஸ் தடுப்பூசி இந்தியாவில் 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-இல் நாடு முழுக்க வந்துவிட்டது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசம். காதுவலியை அது முழுவதும் நிறுத்திவிடாது, ஆனால் மிகப் பிடிவாதமான கிருமியைக் குறைக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதும், படுக்கவைத்து பாட்டில் பால் புகட்டாமல் இருப்பதும், வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்காமல் இருப்பதும் உதவும்.

வலி போன பிறகும் பறைக்குப் பின்னால் நீர் கொஞ்ச நாள் தங்கியிருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால்கூடப் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு அது இருக்கும். கிருமி செத்துவிட்டது, வற்ற வேண்டியது நீர் மட்டும்தான் என்பதால் இதற்கு இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறதா, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறதா, பேச்சு வளராமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். மூன்று மாதம் தாண்டியும் நீர் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கேட்கும் திறனைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.